ஆகமங்கள் கூறும் அற்புத ஆற்றல்கள்: என் அனுபவமும் நம்பிக்கையும்

(நம் அறக்கட்டளையின் மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அறவாழி வேந்தனாகிய அருகப் பெருமானின் திருவடிகளை வணங்கி என் உரையைத் தொடங்குகிறேன். 

சென்ற ஆண்டு இதே விழாவில் சீவக சிந்தாமணியைப் பற்றிப் பேசிவிட்டு மேடையினின்று இறங்கினேன். பன்னிரண்டாம் வகுப்புப் பயிலும் மாணவி ஒருத்தி என்னை அணுகி, "ஐயா, சீவகன் மந்திரத்தால் பாம்பின் நஞ்சைத் தீர்த்தான் என்று கூறினீர்களே, அதை நீங்கள் உண்மையென்று நம்புகிறீர்களா?" என்று கேட்டாள். முப்பத்தைந்து ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்தவன் நான். வகுப்பறையில் இவ்வினா எழுந்தபோதெல்லாம் காப்பிய மரபு என்றும் கற்பனை நயம் என்றும் கூறித் தப்பித்திருக்கிறேன். அன்று அவ்வாறு கூற எனக்கு நா எழவில்லை. "அடுத்த ஆண்டு மேடையிலேயே விடை சொல்கிறேன், அம்மா" என்றேன். அந்தக் கடனைத் தீர்க்கவே இன்று உங்கள் முன் நிற்கிறேன். அவ்விடைக்குள் என் குடும்பத்தின் துயரம் ஒன்றும் அடங்கியிருக்கிறது. இதுவரை எந்த மேடையிலும் அதை நான் எடுத்துரைத்ததில்லை.

முதற்கண் நம் நூல்கள் கூறுவதைக் காண்போம். ஆகமங்கள் அறிவை மதி, சுருதம், அவதி, மனப்பரியயம், கேவலம் என ஐந்தாகப் பகுக்கின்றன. பொறிகளாலும் மனத்தாலும் அறிவது மதிஞானம். அதனைப் பற்றி, சொல்லாலும் நூலாலும் விரிவது சுருதஞானம். இவ்விரண்டும் நம் அனைவர்க்கும் உண்டு. பொறிகளின் துணையின்றி, ஓர் எல்லைக்கு உட்பட்டு, தொலைவில் உள்ள உருவப் பொருள்களை உயிர் நேரே அறிவது அவதிஞானம். பிறர் மனத்தில் எண்ணியதை அறிவது மனப்பரியயஞானம். அனைத்தையும் ஒருங்கே வரம்பின்றி அறிவது கேவலஞானம்.

அறிவைப் போன்றே தவத்தால் விளையும் ஆற்றல்களையும் நம் முன்னோர் வகுத்துரைத்தனர். அவற்றை இருத்திகள் என்பது மரபு. புத்தி, விக்கிரியை, கிரியை, தவம், பலம், ஔடதம், இரசம், க்ஷேத்திரம் என அவை எட்டு வகைப்படும். விரித்தால் 64 ஆகும். விக்கிரியை இருத்தி வாய்ந்தவர் தம் உடலை அணுவாகவும் ஆக்குவர், மலையாகவும் ஆக்குவர். ஔடத இருத்தி வாய்ந்தவரின் தீண்டுதலே நோய்க்கு மருந்தாகும். அக்ஷீண மகானசம் என்னும் இருத்தி பெற்ற முனிவர் ஒரு வீட்டில் உணவு கொண்டால், அன்று சக்கரவர்த்தியின் சேனை முழுதும் அங்கு வந்து உண்டாலும் அந்த அடுக்களையில் சோறு குறையாது. சாரண இருத்தி பெற்றவர் அடி நிலந்தோயாமல் இயங்குவர். சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகளும் கோவலனும் கண்ணகியும் திருவரங்கத்தின் அருகே வணங்கியது இத்தகைய சாரணரைத்தான்.

நம் பகுதியில் இவற்றை ஏட்டில் மட்டும் படித்தவர்கள் அல்லோம் நாம். வந்தவாசிக்கு அருகில் பொன்னூர் மலையேறிக் குந்தகுந்த ஆசாரியரின் திருவடிகளை வணங்குகிறோம். அவர் நிலத்திற்கு நான்கு விரல் உயரத்தில் நடந்தார் என்பதையும், விதேக நாடு சென்று சீமந்தர சுவாமியின் அறவுரை கேட்டு மீண்டார் என்பதையும் மழலைப் பருவத்திலேயே மடியில் அமர்ந்து கேட்டோம். மானதுங்க முனிவர் பக்தாமரத்தின் 48 பாடல்களையும் பாடியபோது அவரைப் பிணித்த தளைகள் தாமே அறுந்தன என்பதும் நாம் கேட்டு வளர்ந்த வரலாறே.

இவ்வாற்றல்களைக் கூறும் அதே நூல்கள் அவற்றை எந்த இடத்தில் வைக்கின்றன என்பதை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. அவதிஞானம் தேவர்களுக்குப் பிறப்பிலேயே உண்டு. நரகர்களுக்கும் பிறப்பிலேயே உண்டு என்கிறது தத்துவார்த்த சூத்திரம். இதன் பொருள் என்ன? தொலைவில் இருப்பதை ஒருவன் அறிகிறான் என்பதனாலேயே அவன் உயர்ந்தவன் ஆகிவிடமாட்டான். நரகத்தில் கிடந்து உழல்பவனும் அதனை அறிவான். அற்புதத்தைக் கண்டவுடன் கைகூப்பும் நம் இயல்பிற்கு இந்த ஒரு செய்தியே போதுமான எச்சரிக்கை அன்றோ?

விஷ்ணுகுமார முனிவரின் வரலாற்றை எண்ணிப் பாருங்கள். அஸ்தினாபுரத்தில் அகம்பன ஆசாரியரையும் அவருடன் இருந்த எழுநூறு முனிவர்களையும் பலி என்னும் அமைச்சன் தீயாலும் புகையாலும் துன்புறுத்தினான். அவர்களைக் காக்கவல்ல விக்கிரியை இருத்தி விஷ்ணுகுமாரருக்கு வாய்த்திருந்தது. வியப்பு யாதெனில், அது தம்மிடம் இருப்பதை அவரே அறிந்திலர். பிறர் வந்து கூறிய பின், மெய்தானோ என்று கையை நீட்டிப் பார்த்தார். அது தடையின்றி நீண்டு சென்றது. பின்னர்க் குறள் வடிவில் சென்று மூன்றடி மண் கேட்டு, பலியின் செருக்கை அடக்கி, முனிவர்களைக் காத்தார். காத்த பின் அவர் செய்ததுதான் நாம் மறந்துவிடும் பகுதி. நல்ல காரியத்தின் பொருட்டேயாயினும் தம் நோன்பின் நிலையினின்று விலகியதற்காகக் கழுவாய் மேற்கொண்டு மீண்டும் தவத்தில் நின்றார். சமந்தபத்திர ஆசாரியர் இவரை நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் வாத்சல்யம் என்னும் அன்புடைமைக்கு எடுத்துக்காட்டாகவே வைத்தார். அவர் போற்றியது அன்பை. ஆற்றல் அவ்வன்பிற்கு வாய்த்த ஒரு கருவி.

அதே வரிசையில் மயக்கமின்மைக்கு எடுத்துக்காட்டு இரேவதி அரசி. வித்தை வல்ல ஒருவர் மதுரா நகரின் வாயில்தோறும் ஒவ்வொரு தெய்வ வடிவம் கொண்டு தோன்றினார். இறுதியில் இருபத்தைந்தாம் தீர்த்தங்கரர் போலவும் காட்சி அளித்தார். நகரமே திரண்டு ஓடியது. அரசி மட்டும் அசையவில்லை. தீர்த்தங்கரர் இருபத்து நால்வரே என்று ஆகமம் உரைக்க, இருபத்தைந்தாமவர் எங்கிருந்து வருவார் என்று இருந்தவிடத்திலேயே இருந்தாள். கண்ணெதிரே நிகழும் அற்புதத்தைக் காட்டிலும் தெளிந்த அறிவையே அவள் பெரிதாகக் கொண்டாள்.

இன்னும் ஒன்று. சமந்தபத்திரர் தம் ஆப்தமீமாம்சையைத் தொடங்கும்போதே இறைவனை நோக்கி ஒரு கருத்தை வைக்கிறார். தேவர் வருகை, வானில் இயங்குதல், கவரி முதலிய சிறப்புகள் மாயம் வல்லாரிடத்தும் காணப்படுவன. அவற்றால் நீ எனக்குப் பெரியவன் அல்லன் என்பது அதன் சாரம். காஞ்சியோடு மரபு தொடர்புபடுத்தும் ஓர் ஆசாரியர், தாம் வணங்கும் பெருமானிடமே இதனைக் கூறுகிறார். குற்றமின்மையும், காரணத்தொடு முரணாத உரையுமே பெருமானின் பெருமை என்று பின்னர் நிறுவுகிறார்.

இவற்றையெல்லாம் நான் நூலிற் கற்பதற்கு முன்னரே எனக்குக் கற்பித்தவர் எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டி. அதனை இப்போது கூறுகிறேன்.

1967 ஆம் ஆண்டு, ஆடி மாதம். வந்தவாசி வட்டத்தில் ஒரு சிற்றூர் எங்களுடையது. எனக்கு ஒன்பது வயது. என் தங்கைக்கு ஐந்து வயது. என் தந்தையார் தமிழறிவு மிக்கவர். ஜினாலயத்தில் மாலை வேளைகளில் சிந்தாமணியை ஓதிப் பொருள் சொல்வார். பூங்காவில் அரவு தீண்டிய பதுமையைச் சீவகன் மந்திரத்தால் பிழைப்பித்த பகுதி வந்தால் ஊரே அமைதியாகக் கேட்கும்.

அன்றிரவு நாங்கள் தாழ்வாரத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தோம். நள்ளிரவு கடந்தபின் தங்கை எழுந்து வயிறு வலிக்கிறது என்று அழுதாள். பாட்டி கைவிளக்கைக் கொண்டுவந்தார். கருநிற உடலில் வெண்கட்டுகள் உடைய பாம்பு ஒன்று குதிரின் அடியில் நுழைவதைக் கண்டார். அது கட்டுவிரியன். குழந்தையின் காலில் உற்றுப் பார்த்தால் மட்டுமே தெரியும் இரண்டு புள்ளிகள் இருந்தன. வீக்கமில்லை, குருதியில்லை.

பாட்டி ஒரு நொடியும் தயங்கவில்லை. "வண்டியப் பூட்டுப்பா, வந்தவாசிக்குப் போவலாம்" என்றார். தந்தையாரோ அடுத்த ஊரில் இருந்த பாடம் போடுபவரை அழைத்துவர ஆள் அனுப்பினார். "வண்டி குலுங்கினால் நஞ்சு தலைக்கு ஏறிவிடும் அம்மா. அவர் வந்து பாடம் போட்டால் இறங்கிவிடும். நாமும் பஞ்ச நமஸ்காரம் சொல்வோம்" என்றார். "மந்திரத்த வண்டியிலயும் சொல்லலாம், பூட்டுப்பா" என்று பாட்டி மீண்டும் மீண்டும் கூறினார். படித்த மகனின் சொல்லே அவ்விரவில் வென்றது.

விடியற்காலையில் பாடம் போடுபவர் வந்தார். வேப்பிலையும் மிளகும் தந்து, கசக்கிறதா, காரமாக இருக்கிறதா என்று கேட்டார். குழந்தை ஆமென்று தலையசைத்தாள். "நஞ்சு ஏறவில்லை, அஞ்ச வேண்டாம்" என்றார். அப்போதே தங்கையின் இமைகள் தாழத் தொடங்கியிருந்தன. பேச்சுக் குழறியது. அதன் பின்னரே வண்டி பூட்டப்பட்டது. ஏழு மைல் வழி. பாட்டி குழந்தையை மடியில் கிடத்தி, அவள் செவியோடு வாய் வைத்து ஐம்பத மந்திரத்தைச் சொல்லிக்கொண்டே வந்தார். இடையிடையே, "பாட்டி இங்கதான் இருக்கேன் கண்ணு" என்றும் கூறினார். நான் வண்டியின் பின்புறம் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டியின் சேலையை இறுகப் பற்றியிருந்த அந்தச் சிறு கை மெல்லத் தளர்ந்தது. அழுகை அடங்கியது. ஏரிக்கரை திரும்புமிடத்தில் மூச்சும் அடங்கிவிட்டது.

அதன் பின் என் தந்தையார் இருபத்து மூன்று ஆண்டுகள் வாழ்ந்தார். சிந்தாமணி ஓதுவதை அவர் விட்டுவிடவில்லை. பதுமையார் இலம்பகம் வரும்போது மட்டும் ஏட்டைப் புரட்டி அடுத்த பகுதிக்குச் சென்றுவிடுவார். ஏனென்று ஊரில் ஒருவரும் கேட்டதில்லை.

நானோ அன்று முதல் பஞ்ச நமஸ்காரம் சொல்வதை நிறுத்திவிட்டேன். பாட்டி என்னை வற்புறுத்தவில்லை. ஒருநாள் கோபம் தாளாமல், "நீ சொன்ன மந்திரம் பாப்பாவை ஏன் காப்பாற்றவில்லை?" என்று கேட்டேன். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு, "காப்பாத்தறதுக்கு வண்டியப் பூட்டச் சொன்னேன். கொழந்த பயந்துகிட்டுத் தனியாப் போவக் கூடாதுன்னு மந்திரம் சொன்னேன்" என்றார். ஒன்பது வயதுச் சிறுவனுக்கு அவ்விடை விளங்கவில்லை. விடையை மழுப்புகிறார் என்றே எண்ணினேன்.

அது விளங்கப் பல ஆண்டுகள் ஆயின. முதுகலைத் தமிழ் பயின்றபோது குணமாலையார் இலம்பகத்தைப் பாடமாகப் படிக்க நேர்ந்தது. தங்கள் உணவைத் தீண்டியது என்று அந்தணர் சிலர் ஒரு நாயை அடித்து வீழ்த்துகின்றனர். உயிர் ஊசலாடும் அந்த நாயைச் சீவகன் காண்கிறான். அதன் செவியில் ஐம்பத மந்திரத்தை ஓதுகிறான். நாய் பிழைத்து எழவில்லை, இறந்துபோகிறது. இறந்தபின் சுதஞ்சணன் என்னும் தேவனாகத் தோன்றுகிறது. பின்னாளில் சீவகனைக் கொலையினின்று காத்து, மூன்று மந்திரங்களை அவனுக்குத் தந்தவன் அச்சுதஞ்சணனே. பதுமையின் நஞ்சைத் தீர்த்தது அவற்றுள் ஒன்று.

பலமுறை செவிவழிக் கேட்ட கதைதான். ஆயினும் அன்று விடுதி அறையில் நூலை மூடிவைத்துவிட்டு நெடுநேரம் அமர்ந்திருந்தேன். ஐம்பத மந்திரம் அந்த நாயின் உடலைக் காக்கவில்லை. காக்கும் என்று திருத்தக்கதேவர் கூறவுமில்லை. பிறர் அடித்துத் துரத்திய ஓர் உயிர் அச்சத்தோடும் வெறுப்போடும் பிரியாமல், ஒரு நல்ல சொல்லைக் கேட்டுக்கொண்டு பிரியவேண்டும் என்பதே சீவகனின் எண்ணம். அவன் அதனிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை. நாயினிடம் எதை எதிர்பார்க்க இயலும்? பின்னர் வந்த அற்புதமெல்லாம் அவ்வருளின் பின்னே தானாக வந்தது.

பார்சுவநாதரின் வரலாறும் அவ்வாறே இருப்பது அப்போதுதான் எனக்குப் புலப்பட்டது. எரியும் கட்டையினுள் சிக்கிய இரு நாகங்களை அவர் கண்டார். அவற்றின் உடலைக் காக்கக் காலம் கடந்திருந்தது. நல்லுரை கேட்டு உயிர் நீத்த அவையே தரணேந்திரனும் பத்மாவதியுமாகத் தோன்றின. கமடனின் உயிர் பகைகொண்டு கல்மழை பொழிந்தபோது படம் விரித்துக் காக்க வந்தவை அவை. பெருமான் அழைக்கவில்லை, வேண்டவுமில்லை. திருநறுங்கொண்டையில் அப்பாண்டைநாதரின் முடிமேல் விரிந்த படத்தை வணங்கும்போதெல்லாம் இதனை நாம் நினைத்தல் வேண்டும். நம் வீட்டிலும் ஒரு பாம்பு வந்தது. அதன்மேல் எனக்கிருந்த பகையும் அந்தச் சந்நிதியில்தான் கரைந்தது. அது பசிக்கு இரை தேடி வந்த ஓர் உயிர். இருளில் எதனையோ அஞ்சிக் கடித்தது.

அதற்கும் பல ஆண்டுகளுக்குப் பின், நான் பணியாற்றிய பள்ளிக்கு ஒரு மருத்துவர் வந்து பாம்புக்கடியைப் பற்றி மாணவர்களிடம் உரையாற்றினார். கட்டுவிரியனின் நஞ்சு நரம்புக்கும் தசைக்கும் உள்ள தொடர்பைத் துண்டிக்கும் என்றார். இமை தாழும், நா குழறும், இறுதியில் மூச்சுவிடும் தசைகள் செயலற்றுப்போகும் என்றார். பின்பு, "இத்தகைய நோயாளி அசைவற்றுக் கிடந்தாலும் பல வேளைகளில் நினைவோடுதான் இருப்பார். கண்ணைத் திறக்க இயலாவிட்டாலும் நாம் பேசுவது அவர் காதில் விழும். ஆகவே அருகில் இருப்பவர்கள் அவருக்குத் தைரியம் சொல்லவேண்டும்" என்றார். மாணவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து வெளியே சென்று வேப்பமரத்தடியில் நின்றுகொண்டேன்.

அவள் கேட்டிருக்கிறாள். வண்டியில் ஏழு மைல் தொலைவும் பாட்டியின் குரல் அவள் செவியில் விழுந்திருக்கக்கூடும். அந்தச் சிறு கை தளர்ந்தது நஞ்சின் செயலா, மந்திரம் தந்த அமைதியா என்று அறுதியிட்டுக் கூற என்னால் இயலாது. இரண்டும் இருந்திருக்கலாம். ஆயினும் அன்று மாலை வீடு திரும்பி, விளக்கேற்றி, பல்லாண்டுகளுக்குப் பின் ஐம்பத மந்திரத்தை வாய்விட்டுச் சொன்னேன்.

இவ்வளவும் தெளிந்தபின் நான் தவறவே இல்லை என்று கூறினால் அது பொய்யாகும். 2013 இல் என் மனைவிக்குக் கடும் தொற்று ஏற்பட்டு, அது குருதியில் பரவி, தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். அப்போது ஒருவர் என்னை அணுகினார். பக்தாமரப் பாடல் ஒன்றிற்கு உரிய யந்திரம் என்று கூறி ஒரு செப்புத் தகட்டைக் காட்டினார். விலை பதினோராயிரம் ரூபாய். அருங்கலச்செப்பு கூறும் மூன்று மயக்கங்களை எத்தனையோ மாணவர்க்குப் பாடம் சொன்னவன் நான். பயன் விரும்பித் தெய்வத்தை வணங்குதல் தெய்வ மயக்கம் என்று கரும்பலகையில் எழுதிக்காட்டியவன். அன்று எல்லாம் மறந்துபோயிற்று. பணத்தைக் கொடுத்து வாங்கினேன். அவரைப் பொது அறைக்கு மாற்றியதும் தலையணையின் கீழ் மறைத்து வைத்தேன்.

இரண்டாம் நாள் அவர் அதனைக் கண்டெடுத்தார். என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "உங்க பாட்டி இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாங்க?" என்று மட்டும் கேட்டார். தலைகுனிந்து நின்றேன். "மருந்து வாங்கிட்டு வாங்க, அப்புறம் பக்கத்துல உக்காந்து பக்தாமரம் படிங்க, நான் கேக்கறேன்" என்றார். அவ்வாறே செய்தேன்.

மனைவி நலமடைந்து இல்லம் திரும்பினார். தகடு விற்றவர் மீண்டும் வந்து, "பார்த்தீர்களா யந்திரத்தின் மகிமையை?" என்றார். அவரிடம் நான் வாதிடவில்லை. ஆயினும் எனக்குள் ஒரு வினா எழுந்தது. மனைவி பிழைத்தது தகட்டினால் என்றால், என் தங்கை இறந்தது எதனால்? பாட்டியின் பக்தி பதினோராயிரம் ரூபாய்க்கும் குறைந்ததா? பிழைத்தவரை மட்டும் கணக்கில் எழுதி, இறந்தவரை எழுதாமல் விடும் கணக்கு அறத்தின் கணக்காகாது. அது பிள்ளையைப் பறிகொடுத்த தாயை நோக்கி, "உன் பக்தி போதவில்லை" என்று பழி கூறுவதாகும். அத்தகைய பழியை நம்முள் எவரும் எவர்மீதும் சுமத்தலாகாது.

இவ்விடத்தில் கவுந்தியடிகளை நினைத்துக்கொள்கிறேன். மதுரைக்குச் செல்லும் வழியில் மாங்காட்டு மறையோன் ஒருவன் திருமால்குன்றத்துப் பிலத்தில் உள்ள மூன்று பொய்கைகளின் சிறப்பைக் கூறுகிறான். புண்ணிய சரவணத்தில் மூழ்கினால் ஐந்திர நூலின் அறிவு வாய்க்கும். பவகாரணியில் மூழ்கினால் பழம்பிறப்பு விளங்கும். இட்டசித்தியில் மூழ்கினால் எண்ணியதெல்லாம் கைகூடும். கவுந்தியடிகள் அவற்றை இகழவுமில்லை, பொய்யென்று மறுக்கவுமில்லை. எங்களுக்கு அவை வேண்டா என்கிறார். அருகன் அருளிய நூலிலேயே அந்த அறிவு உண்டு; பழம்பிறப்பில் செய்த வினையை இப்பிறப்பின் நுகர்ச்சியிலேயே காண்கிறோம்; வாய்மை வழுவாது உயிர்களைப் பேணுவார்க்கு எய்த இயலாத பொருளும் உண்டோ என்று விடையிறுக்கிறார். தமிழ்ச் சமணத்தின் முழு விடையும் இதில் இருப்பதாக நான் கருதுகிறேன்.

இனி, அந்த மாணவிக்குரிய விடை. அவர் இன்றும் இந்த அவையில் அமர்ந்திருப்பதைக் காண்கிறேன்.

அம்மா, இருத்திகள் உண்டு என்று நம்புகிறேன். நான் அவற்றைக் கண்டதில்லை. உயிருக்கு எல்லையற்ற அறிவும் எல்லையற்ற ஆற்றலும் இயல்பு என்பதும், வினை என்னும் மறைப்பு விலகுந்தோறும் அவை வெளிப்படும் என்பதும் நம் சமயத்தின் அடிப்படை. அதனை நம்பும் நான் அதன் கிளையாகிய இருத்திகளை மறுப்பதற்கில்லை. ஆனால் அவற்றை நம்புவது நற்காட்சி ஆகாது. அவற்றை வேண்டுவது நற்காட்சிக்கு ஊனம். அவற்றை விற்பனை செய்வது பெரும் பாவம். ஐம்பத மந்திரத்தின் ஆற்றலையும் நம்புகிறேன். அது நஞ்சை முறிக்கும் என்று கூற எனக்கு நாவில்லை. சாவின் விளிம்பில் நிற்கும் உயிருக்கும், அதன் அருகில் செய்வதறியாது இருப்பவர்க்கும் அச்சத்தை முறிக்கும் என்பதை நான் வண்டியில் அமர்ந்து பார்த்தவன்.

நஞ்சை முறிக்க நச்சுமுறி மருந்து இருக்கிறது. அதற்கு வேண்டிய நஞ்சை எடுத்துத் தருவோருள் முதன்மையானவர்கள் நம் இருளர் மக்கள். வடநெம்மேலியில் 1978 முதல் அவர்களின் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய பாம்புகளிடம் நஞ்சை எடுத்தபின் அவற்றைக் கொல்லாமல் காட்டில் விட்டுவிடுகின்றனர். கொல்லாமையைப் போற்றும் நாம் அறிந்து மகிழவேண்டிய செய்தி இது. ஆகவே, நம் ஊர்களில் எவரையேனும் பாம்பு தீண்டினால் கீறாதீர்கள், வாய்வைத்து உறிஞ்சாதீர்கள், கயிற்றால் இறுகக் கட்டாதீர்கள், வேப்பிலை கசக்கிறதா என்று சோதிக்காதீர்கள். வலியும் வீக்கமும் இல்லையே என்று காத்திருக்கவும் வேண்டாம். கடிபட்டவரை நடக்கவிடாமல் உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். நம் செபமாலையின் மணிகள் 108. அவசர ஊர்தியை அழைக்கும் எண்ணும் 108. முதலில் தொலைபேசியை எடுங்கள். ஊர்தியில் ஏறியபின் மாலையை எடுங்கள்.

என் பாட்டிக்குத் தத்துவார்த்த சூத்திரம் தெரியாது. ஆப்தமீமாம்சையின் பெயரும் தெரியாது. "மந்திரத்த வண்டியிலயும் சொல்லலாம்" என்ற அவருடைய சொல்லை அன்றிரவு எங்கள் வீட்டில் ஒருவரேனும் கேட்டிருந்தால், என் தங்கைக்கு இன்று அறுபதைக் கடந்த வயது. இந்த அவையில் தாய்மார்களோடு தாயாக அவளும் அமர்ந்திருக்கலாம். என் தந்தையார் கூற இயலாமல் நெஞ்சிலேயே வைத்துக்கொண்டு சென்றதை, அவர் மகனாக இன்று நான் கூறிவிட்டேன்.

எல்லா உயிரும் அச்சம் நீங்கி வாழ்க. அருகன் அருளிய அறம் ஓங்குக.